சிவப்பு நட்சத்திரப் பெட்டி

இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை, என் பெயர் உட்பட. பெயர் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும். பெயரே இல்லாமல் நடந்ததைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.

பம்பாயில், செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே வார்டில் நர்ஸாகச் சேர்ந்தவள் நான். சில வருடங்கள் கழித்து சமூக மருத்துவத் துறையின் தலைவி என்னை மாடிக்கு, தன் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டார். நான் எழுதும் டியூட்டி ரிப்போர்ட்டில் அடித்தல் திருத்தல் இருப்பதில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். அவரை நாங்கள் மேடம் என்போம். மாட்டுங்காவில் தாத்தா காலத்திலிருந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பம். நான் தாராவி. அப்பாவுக்கு அங்கே ஒரு மளிகைக்கடை. கடைக்கு மேலே வீடு. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்தவர்கள். மேடமும் நானும் பேசுவது ஒரே மொழிதான் என்பதை நம்ப எங்கள் இருவருக்குமே கொஞ்ச நாள் பிடித்தது.

மாடியில் என் வேலை கட்டுரைகளைத் தயார் செய்வது. டாக்டர்கள் எழுதித் தருவதை மருத்துவ இதழ்கள் கேட்கும் உருவத்துக்குக் கொண்டுவந்து அனுப்ப வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இந்த இதழ்க்காரர்கள் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி. வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி, தலைப்பு எவ்வளவு நீளம், அட்டவணைக்குக் கோடு மேலே மட்டுமா பக்கவாட்டிலுமா என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருப்பார்கள். ஒன்று குறைந்தாலும் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கட்டுரைகளுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது ஆய்வுக் கட்டுரை. முன்னுரை, செய்த முறை, கண்டது, கண்டதைப் பற்றிய பேச்சு என்று நாலு பாகம். ஒரு பாகத்துச் சங்கதி இன்னொரு பாகத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. அடுத்தது மீள்பார்வை. ஊரார் எழுதியதையெல்லாம் வாசித்து, யார் சொன்னது தேறும், யார் சொன்னது தேறாது என்று தீர்ப்புச் சொல்வது. பெரிய டாக்டர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். வாசிக்கிற வேலை எனக்கு, தீர்ப்புச் சொல்கிற வேலை அவர்களுக்கு. பிறகு ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதும் கேஸ் ரிப்போர்ட். அதில் ஆளின் பெயர், தெரு, ஊர், தேதி எல்லாவற்றையும் உருவிவிட வேண்டும். கடைசியில் 'நடுத்தர வயதுப் பெண் ஒருவர்' என்று மட்டும் மிஞ்சுவார். ஒரு படத்தை வைத்து நாலு வரி எழுதி அனுப்பும் ரகமும் உண்டு. எனக்குப் பிடித்தது ஆசிரியருக்குக் கடிதம்தான். இதழில் வந்த ஒன்றைத் தவறு என்று மரியாதையாகச் சண்டை போடலாம். மேடம் பேரில் போன கடிதங்களில் நான் போட்ட சண்டைகள் எத்தனையோ.

எந்த ரகமானாலும் பெயர் விவகாரம் தனி. எழுதியவர்கள் பெயர் தனிப் பக்கத்தில் போகும். கட்டுரைக்குள் ஓரிடத்திலும் அது இருக்கக் கூடாது. அதை மதிப்பிடும் நிபுணர்கள், எழுதியவர் யார் என்று தெரியாமல் படிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல். கம்ப்யூட்டர் ஃபைலுக்குள்ளே, சட்டென்று கண்ணில் படாத ஓரிடத்தில், தட்டச்சு செய்தவரின் பெயர் தானாகப் பதிந்திருக்கும். அனுப்பும் முன் அதையும் தேடிப்பிடித்து அழிக்க வேண்டும். எல்லா ஃபைலையும் தட்டச்சு செய்தவள் நான். அதனால் ஒவ்வொரு முறையும் நான் அழித்தது என் பெயரைத்தான். முதலில் வேலையோடு வேலையாகச் செய்தேன். போகப் போக அந்த இடத்துக்கு வந்தாலே எரிச்சல் வந்தது.

அச்சில் வரும்போது எனக்குக் கொடுத்த இடம் 'நன்றி'. கட்டுரை எல்லாம் முடிந்த பிறகு, சின்ன எழுத்தில், இன்னார் தட்டச்சுக்கு உதவினார் என்று ஒரு வரி. பந்தியில் உட்கார வைக்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புகிற இடம் அது. பல வருடம் பொட்டலம் வாங்கிய பிறகு ஒரு நாள் மேடத்திடம் நேராகக் கேட்டேன்.

"மேடம், நன்றி வாங்கினது போதும். இனிமே பேர் வேணும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கேக்கறதுல தப்பே இல்லை. அடுத்த கேஸ் ரிப்போர்ட்ல ரெண்டாவது பேர் உன்னோடது" என்றார். சொன்னபடியே செய்தார். அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் இதழில் வந்தது நான் இல்லை. என் அப்பா.

இது புரிய வேண்டுமென்றால் என் பள்ளிக்கூடத்து க்ளார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் ரொம்ப எளிது. ஆளுக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் சாதியைத் தொங்கவிடும் பழக்கத்தை ஒரு தலைமுறை வேண்டாம் என்று வெட்டிப்போட்டது. எனக்கு அதில் பெருமை உண்டு. பம்பாயில் அது செல்லாது. என்னைச் சேர்க்கப் போன அன்று க்ளார்க் சர்நேம் என்ன என்று கேட்டார். அப்பா இனிஷியலைச் சொன்னார். எழுத்து வேண்டாம், முழுப் பெயர் சொல்லு என்றார் க்ளார்க். அந்த எழுத்தின் முழுப் பெயர் அப்பாவின் பெயர்தானே? அதையே சொன்னார். அது என் சர்நேமாகப் போய் உட்கார்ந்தது. அந்தப் பள்ளியில் எல்லோரையும் சர்நேம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் மூன்று பிள்ளைகள். மூன்று வகுப்பிலும் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள், மூன்று பேரும் 'பிரசென்ட்' சொன்னோம். ஊரில் அதிகம் படிக்காத அப்பா, தாராவியில் ஒரே நேரத்தில் மூன்று வகுப்பில் படித்தார். ஆண்டாப் ஹில்லிலோ மான்குர்திலோ எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள்.

மருத்துவ இதழ் என்ன செய்யும் என்றால், சர்நேமை முழுதாக எழுதிவிட்டுச் சொந்தப் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கும். எங்கள் வழக்கத்தில் அப்பா எனக்கு ஓர் எழுத்து. இதழில் நான் அப்பாவுக்கு ஓர் எழுத்து. அச்சுக்கு முன்னால் சரிபார்க்க வந்த பிரதியில், பெயரும் சர்நேமும் சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார்களாம். அது மேடத்துக்குப் போனது. சர்ட்டிஃபிகேட்டில் உள்ளபடி இருப்பதைப் பார்த்து, சரி என்று மேடம் பதில் அனுப்பிவிட்டார்.

கோபத்தோடு நான் வீட்டுக்குக் கொண்டுவந்த தாளை அப்பா கல்லாவில் உட்கார்ந்து பார்த்தார். கடை போர்டு படிக்கும் அளவுக்கு அவருக்கு இங்கிலீஷ் தெரியும். தன் பெயர் அந்த அளவுக்குள் அடக்கம்.

"ஏட்டி, எம் பேருல்லா போட்டுருக்காவ!"

"அதாம்ப்பா கஷ்டமே. எழுதுனது நான்."

"நீ எழுதுனா என்ன, நான் எழுதுனா என்ன? எல்லாம் ஒண்ணுதான?"

மறுநாளே அதை லாமினேஷன் செய்து கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அரிசி வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர், "அண்ணாச்சி, டாக்டர்மாருக்கு நீங்களா எழுதிக் குடுக்கிய?" என்று கேட்டதற்கு அப்பா இல்லை என்று சொல்லவில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டு எடைக்கல்லை மாற்றினார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். இவ்வளவு சந்தோஷப்படும் மனிதர் மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட முடியாததால் கோபம் இன்னும் கூடியது.

அடுத்து நான் எடுத்த விஷயம் முழுக்க என்னுடையது. எங்கள் தெருவைச் சுற்றித் தையல் காலாக்கள் நிறைய. காலா என்றால் ஒற்றை அறைப் பட்டறை. அங்கே வேலை செய்யும் பெண்கள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் மிஷினை விட்டு எழுந்து, முதலாளியிடம் சொல்லி, தெருமுனைச் சண்டாஸுக்கு, அதாவது பொதுக் கக்கூஸுக்கு நடந்து, வரிசையில் நிற்க வேண்டும். அதற்குத் தொண்டை காய்ந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுகிறார்கள். பிறகு எரிச்சலும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள். எழுதிக் கொடுக்கிறவர்கள் யாரும் அந்த வரிசையில் நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன்.

"இதுல முதல் பேர் என்னோடது மேடம்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

"வேலை முழுக்க நீ பண்ணினா முதல் பேர் உன்னோடதுதான். ரூல் அதானே" என்றார் மேடம்.

எனக்கு அந்த முதல் இடம் வெறும் ஆசைக்காக இல்லை. இத்தனை வருடம் மாடியில் இருந்தும் ஆஸ்பத்திரிக் கணக்கில் நான் ஸ்டாஃப் நர்ஸ்தான். அதோடு சேர்ந்த நர்ஸிங் கல்லூரியில் ட்யூட்டர் ஆக வேண்டுமென்றால் முதல் பெயராக நான் எழுதிய ஒரு கட்டுரை வேண்டும். மேடத்துக்காக நான் எழுதியதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் கிடைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. வீட்டில் மாமியார் இருப்பார், காலாவில் முதலாளி இருப்பார். கடைசியில் அப்பாவிடம் கேட்டேன். கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கும் கோடவுன் இருக்கிறது. என்ன விஷயமாக என்று கேட்டார். பெண்கள் சமாச்சாரம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மூட்டைகளை ஒதுக்கி ஒரு பெஞ்சை இழுத்துப் போடுவார். டேபிள் ஃபேனைப் பெஞ்சுப் பக்கம் திருப்பி வைப்பார். பிறகு கோடவுன் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். சீனி கேட்டு வருகிறவனைக்கூட உள்ளே எட்டிப் பார்க்க விடமாட்டார். பெண்கள் மனம்விட்டுப் பேசினார்கள். சிலர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பேசினார்கள்.

கட்டுரை தயாரானது. இதழின் இணையதளத்தில் எழுதியவர் விவரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயருக்கு ஒரு பெட்டி. சர்நேமுக்கு ஒரு பெட்டி, அதன் தலையில் ஒரு சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகர முடியாது என்று அர்த்தம். நிரப்பாமல் நகர்ந்து பார்த்தேன். பெட்டி முழுக்கச் சிவந்தது. ஒரு புள்ளி வைத்தேன். ஏற்கவில்லை. இனிஷியலை வைத்தேன். ஓர் எழுத்து போதாது என்றது. பள்ளிக்கூட க்ளார்க் ரிட்டயர் ஆகி இதற்குள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னம்மா பண்ணிண்டிருக்கே இவ்ளோ நேரமா?" என்று மேடம் வந்து நின்றார்.

"சர்நேம் கேக்குது மேடம்."

"அப்பா பேரைப் போடு. சர்ட்டிஃபிகேட்ல அதானே இருக்கு?"

"எழுதுனது அப்பா இல்லியே மேடம்."

"அரே, இது வெறும் ஃபார்மாலிட்டி. எங்காத்துல தாத்தா காலத்துலயே ஒரு பட்டப்பேரைச் சர்நேமா வெச்சுண்டாச்சு. அன்னிலேருந்து ஒரு தொந்தரவும் இல்லை. நீயும் அந்த மாதிரி ஏதாவது வெச்சுக்கோயேன்."

"சாதிப் பட்டப்பேர வேணாம்னு வெட்டிப் போட்டவங்க மேடம் நாங்க. இந்தப் பெட்டிக்காகத் திரும்பப் போய்ப் பொறுக்கிட்டு வர மாட்டேன்."

இவ்வளவு சூடாகச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் வந்துவிட்டது. மேடம் குரலைத் தணித்து, "செலெக்ஷன் கமிட்டி ஒத்துக்க மாட்டா. சர்ட்டிஃபிகேட்ல ஒரு பேர், பேப்பர்ல ஒரு பேர்னு இருந்தா இதைக் கணக்குலயே எடுத்துக்க மாட்டா. ட்யூட்டர் போஸ்ட் போயிடும். ஆத்துக்குப் போய் யோசிச்சுண்டு வா" என்றார். அதில் மிரட்டல் இல்லை, அக்கறைதான் இருந்தது. கம்ப்யூட்டரை அப்படியே மூடிவிட்டு லோக்கல் ரயில் பிடித்தேன்.

கடையில் அப்போது கிராக்கி இல்லை. அப்பா கல்லாவில் இருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அப்பா, இந்தத் தடவ ஒங்க பேரு வராது."

"ஏன்?"

"எழுதுனது நான்."

"போன தடவயும் நீதான எழுதுன? அப்ப வந்துச்சுல்லா?"

"அது தப்பா வந்துச்சுப்பா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "எம் பேரு தப்பாட்டி ஒனக்கு? ஒன்னப் படிக்க வச்சவன் பேரு. பொட்டப்புள்ளைய எதுக்கு இம்புட்டுப் படிக்க வைக்கன்னு ஊர் பூராக் கேட்டாவ. ஒருத்தனுக்காவது செவி சாச்சனா?"

அது சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பின்வாங்க மனம் வரவில்லை. "படிக்க வச்சீய, அத நான் என்னிக்கும் மறக்க மாட்டேன். ஆனா சண்டாஸ் வரிசைல நின்னது நான். அந்தப் பொம்பளையளோட பேசுனது நான். எழுதுனது நான். பேரு மட்டும் எப்படிப்பா ஒங்களுது?" என்றேன்.

குறுக்கே பேசியது அம்மாதான்.

"ஏங்க, அந்தக் கட்டுர என்ன சமாச்சாரம்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"பொம்பளைய சமாச்சாரம்னு சொன்னா."

"மூத்திரச் சமாச்சாரம். அதுக்கு மேல ஒங்க பேரு வேணுமாக்கும்? அதையும் கொண்டாந்து சாமி பக்கத்துல மாட்டுங்க."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்பா சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே அவள் பாட்டுக்குச் சொன்னாள். "இவளுக்குப் பேரு வச்சது நான். ஆஸ்பத்திரில என்ன பேருன்னு கேக்கையில நீங்க கடயில கெடந்திய. அந்தப் பேர ஒரு எடத்துல முழுசா எழுதிப்புட்டா குடியா முழுகிப் போவும்?"

என் பெயரை யார் வைத்தது என்று அன்றுவரை நான் கேட்டதே இல்லை.

அனுப்புவதற்கு இன்னொரு தாள் பாக்கி இருந்தது. நன்றிப் பகுதியில் ஒருவர் பெயரைப் போடுவதென்றால் அவர் கைப்பட சம்மதம் தர வேண்டும் என்பது அந்த இதழின் விதி. நான் அந்த இடத்தை வெறுத்ததற்குக் காரணம், நான் செய்த வேலைக்கு அது சின்ன இடம் என்பதுதான். அப்பா செய்த வேலைக்கு அது சரியான இடம். அப்படித்தான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். தாளை நீட்டி, "நன்றிப் பகுதில ஒங்க பேரப் போடுதேன்ப்பா. சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க, என்ன எழுதிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். "வாசிக்க வேண்டாம். என்ன எழவையும் போட்டுக்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு நெடுநாள் அவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை முதல் பெட்டியில் என் பெயரை டைப் அடித்தேன். சிவப்பு நட்சத்திரப் பெட்டியிலும் என் பெயரையே அடித்தேன். ஏற்றுக்கொண்டது. நான் யார் மகள் என்பதில் கம்ப்யூட்டருக்கு ஓர் அக்கறையும் இல்லை. பெட்டி நிரம்ப வேண்டும், அவ்வளவுதான்.

மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா கூத்து?" என்றார்.

"எனக்கு நானே இனிஷியல் மேடம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் இஷ்டம். ஆனா கமிட்டில நான் வந்து பேசுவேன்னு நினைக்காதே."

"வேண்டாம் மேடம். நானே பேசிக்கறேன்."

கட்டுரை நிபுணர்களிடம் போய்த் திரும்பியது. பெண்களின் பேச்சை அப்படியே எழுதியிருப்பது தேவையில்லை, அதை எடுத்துவிட்டுச் சுருக்கமான குறிப்பாக மாற்றித் தரலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். இப்படி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் ஒரு தனி ரகம். ஒவ்வொரு பதிலையும் நன்றியோடு தொடங்க வேண்டும். முடியாது என்பதைக்கூட நன்றி சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருட வேலையில் எனக்கு அது நன்றாகவே வந்திருந்தது. சுருக்கச் சொன்னதற்கு நன்றி சொன்னேன், சுருக்கினேன். ஆனால் பெண்கள் பேசியதில் கை வைக்கவில்லை. முன்னுரையில் பெரிய பெரிய டாக்டர்கள் சொன்னதையெல்லாம் வெட்டினேன். அதில் மேடத்தின் பழைய கட்டுரை ஒன்றும் போனது. அந்தப் பெண்களின் பெயரை விதிப்படி எடுத்தாகிவிட்டது, அவர்கள் வாயையும் எடுக்க என்னால் முடியாது என்பதை இதழுக்கு ஏற்ற பாஷையில் எழுதி அனுப்பினேன். மேடம் படித்தார். தன் கட்டுரை காணாமல் போனதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். ஆனாலும் தலையசைத்தார். இதழ் ஏற்றுக்கொண்டது.

கமிட்டியில் மேடம் சொன்னதுதான் நடந்தது. சர்ட்டிஃபிகேட்டில் இருப்பவரும் கட்டுரையில் இருப்பவரும் ஒரே ஆள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த நான் ஆதாரம் இல்லையாம். கோர்ட் வாசலில் போய் முத்திரைத்தாள் வாங்கி, இந்த இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கொண்டுவந்து கொடுத்தேன். நான்தான் நான் என்று சத்தியம் செய்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அதைப் புரட்டிப் பார்த்த ஒருவர் இந்தியில், அடுத்த முறையாவது அப்பா பெயரோடு எழுதிவிடுங்கள், எல்லோருக்கும் வசதி என்றார். கட்டுரையை அப்பா எழுதும்போது அவர் பெயரைப் போடுகிறேன் என்று நானும் இந்தியிலேயே சொன்னேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருடம் பதவி எனக்கு வரவில்லை. நெருளிலிருந்து வரும் ஒரு சிநேகிதிக்குப் போனது. அவள் தகுதியானவள்தான். இருந்தாலும் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள்கூட அந்தப் பெட்டியில் வேறு பெயரைப் போட்டிருக்கலாமே என்று நினைத்ததில்லை. மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். அதே பெயர், அதே முத்திரைத்தாள். எத்தனை தடவை கேட்டாலும் அதைத்தான் கொடுப்பேன்.

அப்பாவுக்கு நான் கட்டுரையைக் காட்டவில்லை. அவரே ஒரு சாயங்காலம் கடையில் வைத்துக் கேட்டார்.

"அந்தக் கட்டுர வந்துட்டாம்லா. ஒங்கம்மா சொன்னா. எங்கிட்ட ஏன் காட்டல?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தில் விரலை வைத்துத் தேடினார்.

"ஒம் பேருக்கு ஒம் பேரே இனிஷியலா இருக்கு."

"ஆமாப்பா."

பக்கத்தைப் புரட்டினார். அட்டவணைகளைத் தாண்டினார். கடைசிப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், விரல் நின்றது. அவருடைய பெயர். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

"என்னட்டி எழுதிருக்கு இதுல?"

தமிழில் சொன்னேன். பெண்கள் பயமில்லாமல் பேசுவதற்காகத் தன் கடையின் பின்னறையையும் பெஞ்சையும் கொடுத்து, பேசி முடியும்வரை வாசலில் காவல் இருந்தவருக்கு நன்றி.

அப்பா தலையைத் தூக்கி, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பழைய தாளைப் பார்த்தார். பிறகு கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இது நான் செஞ்சதுதான்" என்றார்.

"ஆமா. செஞ்சதத்தான போடணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அந்த வரியையே மறுபடி ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். ஏதோ குறைகிறது என்பது முகத்தில் தெரிந்தது.

"ஃபேனும் போட்டேம்லா? அத ஏன் எழுதல?"